தொடுகை யாருக்காக?

என் பெரியம்மா மகள் உளவள ஆலோசனையில் முதுகலை படிக்கிறார். பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு முப்பத்து நாலு வயதில் மறுபடி மாணவி ஆனவர். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வகுப்பில் சொல்லிக்கொடுத்த பயிற்சி ஒன்றைச் செய்து பார்க்க ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார். வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளை ஓரம் தள்ளி என்னை ஒரு சுவரோரம் நிற்க வைத்தார். எதிர்ச்சுவரில் அவர் நின்றுகொண்டு, "நான் உன்னைப் பார்த்து நடந்து வருவேன். போதும்னு தோணுறப்ப நில்லுன்னு சொல்லு. அவ்ளோதான்" என்றார்.

வந்தார். நான் "நில்லுங்க" என்றபோது ஒரு முழ தூரத்தில் இருந்தார்.

"எப்ப சொல்லியிருக்கணும் தெரியுமா?"

"இப்பதானேக்கா சொன்னேன்."

"நாலு அடிக்கு முன்னாடியே தோள் ரெண்டும் மேல ஏறிடுச்சு. மூச்சைப் புடிச்சுக்கிட்ட. ஒரு கால் பின்னாடி போச்சு. அப்புறம் சிரிச்ச. எதுக்குடா சிரிச்ச?"

எனக்குத் தெரியவில்லை. அக்காதான். பயப்பட ஒன்றுமே இல்லை. "நில்லுங்க" என்று முன்னாலேயே சொன்னால் அவர் மனசு கஷ்டப்படுமோ என்று உடம்பு எங்கேயோ கணக்குப் போட்டிருக்கிறது போல. சின்ன வயதில் வீட்டுக்கு யார் வந்தாலும் "மாமாவுக்கு ஒரு முத்தம் குடு" என்று முன்னால் தள்ளிவிடப்பட்ட தலைமுறை நாங்கள். கொடுத்துவிட்டுக் கன்னத்தைத் துடைத்துக்கொண்டால் அதற்கும் திட்டு விழும்.

பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களோடும் தம்பதிகளோடும் வேலை செய்யப்போகும் சிகிச்சையாளர்களுக்கான பயிற்சி அது. சம்மதம் என்பது வாயிலிருந்து வரும் சொல் மட்டும் இல்லை. அது உடம்பில் எங்கே தெரிகிறது, எங்கே மறைகிறது என்பதை முதலில் தங்கள் உடம்பிலேயே அவர்கள் கண்டுகொள்ள வேண்டும். ஏதோ கலிஃபோர்னியாவிலிருந்து வந்த புது ஃபேஷன் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு சில மாதங்கள் இதையே படித்துக்கொண்டிருந்தேன். இந்தப் பாடம் சிகிச்சையாளர்களுக்கு ஏன் தேவைப்பட்டது என்பதற்கான பதில் பழையது, அசிங்கமானதும்கூட. சம்மதத்தைத் தவறாக வாசித்தவர்களின் வரிசையில் அவர்களே முன்னால் நின்றிருக்கிறார்கள்.

*

நோயாளியின் வீட்டுக்குள் போகும் மருத்துவர், அங்குள்ள ஆண், பெண், அடிமை யாரோடும் பாலுறவு கொள்ள மாட்டேன் என்று உறுதி சொல்லும் பகுதி ஹிப்போகிரட்டிஸ் உறுதிமொழியிலேயே உண்டு. நடக்காத ஒன்றை யாரும் தடுக்க மாட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வு வந்தபோது இந்தப் பழைய பிரச்சினை புது வடிவம் எடுத்தது. மூடிய அறை, ஒரு சோஃபா, கிட்டத்தட்ட தினமும் ஒரு மணி நேரம், மனதில் வருவதையெல்லாம் சொல்ல வேண்டும் என்ற விதி. நோயாளிக்கு மருத்துவர்மேல் காதல் வரும் என்று ஃபிராய்டுக்குத் தெரிந்திருந்தது. மருத்துவர்களுக்கும் வந்தது. கார்ல் யுங், சபீனா ஸ்பீல்ரைன் கதையை டேவிட் குரோனென்பெர்க் 2011-ல் படமாகவே எடுத்துவிட்டார்.

புடாபெஸ்டில் இருந்த ஷாண்டோர் ஃபெரன்ஸியின் கதை அந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. ஃபிராய்டுக்கு மிக நெருக்கமான சீடர். 1911-ல், தான் காதலித்துவந்த கிஸெல்லாவின் மகள் எல்மாவுக்கே சிகிச்சை கொடுக்க ஆரம்பித்து, எல்மாவிடமே மனதைப் பறிகொடுத்தார். தாளாமல் எல்மாவை ஃபிராய்டிடம் சிகிச்சைக்கு அனுப்பினார். கடைசியில் 1919-ல் அம்மாவைத்தான் கல்யாணம் செய்துகொண்டார். படிக்கும்போது நமக்கே தலை சுற்றும். ஆனால், பிற்காலத்தில் சம்மதத்தைப் பற்றி மற்ற யாரும் யோசிக்காததை யோசித்தவரும் இதே மனிதர்தான்.

1931 டிசம்பரில் ஃபிராய்ட் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஃபெரன்ஸியிடம் சிகிச்சை பெற்றுவந்த அமெரிக்க மருத்துவர் கிளாரா தாம்ப்ஸன், 'பாப்பா ஃபெரன்ஸிக்கு எப்போ வேண்டுமானாலும் முத்தம் கொடுக்கலாம்' என்கிற மாதிரி வெளியே பேசியது ஃபிராய்டின் காதுக்குப் போயிருந்தது. கடிதத்தில் பாதி கிண்டல், பாதி கோபம். நீ முத்தத்தோடு நிற்கலாம், உனக்குப் பின்னால் வருகிற சின்னப் பையன்கள் அங்கேயே நிற்பார்களா என்பது அதன் சாரம். ஃபெரன்ஸிக்கு அது வலித்தது. சின்ன வயதில் அன்பே கிடைக்காமல் உடைந்துபோனவர்களிடம் கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பது சிகிச்சை இல்லை என்பது அவர் கட்சி.

அடுத்த வருடம் செப்டம்பரில் ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில் நடந்த மாநாட்டில் ஃபெரன்ஸி ஒரு கட்டுரை வாசித்தார். பெரியவர்களுக்கும் குழந்தைக்கும் இடையிலான மொழிக்குழப்பம் என்பது அதன் பொருள். குழந்தை மென்மையைத் தேடி வருகிறது, பெரியவர் அதைக் காமமாக வாசித்துவிடுகிறார். அடுத்து நடப்பதைப் பற்றி ஃபெரன்ஸி சொன்னதுதான் முக்கியம். நாம் எதிர்பார்க்கிற மாதிரி குழந்தை கத்துவதில்லை, உதறுவதில்லை. பயம் ஓர் எல்லையைத் தாண்டும்போது குழந்தை தானாகவே அடங்கிப்போகிறது. அடங்குவதோடு நிற்காமல், எதிரில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று ஊகித்து அதையே செய்கிறது. தன்னை மறந்து அவராகவே ஆகிவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒத்துழைப்பு மாதிரியே இருக்கும்.

மாநாட்டுக்குப் போகும் வழியில் வியன்னாவில் இறங்கி ஃபிராய்டுக்கு இதை வாசித்துக் காட்டியிருந்தார். ஃபிராய்டுக்குப் பிடிக்கவில்லை, வெளியிட வேண்டாம் என்றார். 1933 மே மாதம் ஃபெரன்ஸி ரத்தசோகையில் இறந்துபோனார். கட்டுரை ஜெர்மன் மொழியில் வந்தது. ஆங்கிலத்தில் வர 1949 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கடைசி வருடத்தில் அவர் எழுதிய சிகிச்சை நாட்குறிப்பு 1985-ல்தான் பிரெஞ்சில் முதன்முதலாக வெளியானது.

அந்தக் கட்டுரையில் குழந்தைகளைப் பற்றிய பகுதியைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என்னை நிறுத்தியது அதற்கு முந்தைய பகுதி. தன் நோயாளிகள் தன்னை எதிர்த்தே பேசுவதில்லை என்பதை ஃபெரன்ஸி கவனித்திருந்தார். மருத்துவருக்கு இன்று அலுப்பா, கோபமா, என்ன பதில் வேண்டும் என்பதையெல்லாம் அவர்கள் நுணுக்கமாக மோப்பம் பிடித்து அதற்கேற்ப வளைந்துகொண்டார்கள். அதாவது, அன்று பயத்தில் கற்றுக்கொண்ட அதே 'சரி'யைச் சிகிச்சை அறையிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மருத்துவர் அதை முன்னேற்றம் என்று குறித்துக்கொண்டார். இப்போது பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தரப்படும் விஷயத்தின் விதை எனக்கு இங்கேதான் தெரிகிறது. அறைக்குள் கிடைக்கும் 'சரி' மேல் முதலில் சந்தேகப்பட வேண்டியவர் அறையின் சொந்தக்காரர்தான்.

முத்தத்தைப் பற்றி ஃபிராய்ட் சொன்னது சரி. பயத்தைப் பற்றி ஃபெரன்ஸி சொன்னது சரி. அந்த முத்தம் யாருக்குத் தேவைப்பட்டது, நோயாளிக்கா, நோயாளிகளின் அன்பில்லாமல் இருக்க முடியாத ஒரு மருத்துவருக்கா என்ற கேள்வியை ஃபெரன்ஸி தன்னிடம் போதுமான அளவு கேட்டுக்கொள்ளவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பயத்தைக் கேட்கவே ஃபிராய்ட் தயாராக இல்லை. ஒருத்தர் சொன்னதை ஒருத்தர் கேட்டிருந்தால் இந்தத் தொழிலுக்கு ஒரு நாற்பது வருடம் மிச்சமாகியிருக்கும். கொஞ்சம் மிகைதான், தெரியும்.

*

இதே காலத்தில் வில்ஹெல்ம் ரைக், உடம்பைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார். அடக்கிவைத்த உணர்ச்சி தசைகளில் கவசமாக இறுகிக்கிடக்கிறது என்றார். சோஃபாவுக்குப் பின்னால் ஒளிந்து உட்காராமல் நோயாளியின் மூச்சைப் பார்த்தார், தசையை அழுத்தினார். இன்றைய உடல்வழிச் சிகிச்சைகள் பலவற்றுக்கு அவர்தான் கொள்ளுத் தாத்தா. 1934-ல் அனைத்துலக உளப்பகுப்பாய்வுச் சங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். பிறகு ஆர்கோன் சக்தி, பெட்டி என்று எங்கேயோ போய், 1956-ல் அமெரிக்க அரசு அவர் புத்தகங்களை எரித்து, 1957-ல் சிறையில் செத்தார். அது தனிக் கட்டுரை. இங்கே தேவையானது ஒன்றுதான். உடம்பு பேசுகிறது என்று ரைக் சொல்லிக்கொடுத்தார். அந்த உடம்பைத் தொட அதன் சொந்தக்காரரிடம் கேட்க வேண்டும் என்பது அவர் முறையில் ஒரு பாடமாகவே இல்லை. தொடுவது மருத்துவரின் அதிகாரம்.

'கேட்பது' என்பது ஒரு சிகிச்சை முறையாகவே அமைந்தது அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில். மகப்பேறு மருத்துவர் வில்லியம் மாஸ்டர்ஸிடம் 1957-ல் உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தவர் விர்ஜீனியா ஜான்சன். பட்டம் எதுவும் இல்லாதவர். இருவரும் சேர்ந்து ஆய்வகத்தில் மனிதர்களின் பாலுறவை அளந்து 1966-ல் ஒரு புத்தகமும், தம்பதிகளுக்கான சிகிச்சையைப் பற்றி 1970-ல் இன்னொரு புத்தகமும் வெளியிட்டார்கள். அந்தச் சிகிச்சையின் மையம் 'சென்சேட் ஃபோகஸ்' என்ற பயிற்சி. முதல் கட்டத்தில் உடலுறவுக்குத் தடை. மார்பையும் பிறப்புறுப்பையும் தொடவும் தடை. ஒருவர் தொடுவார், மற்றவர் தொடப்படுவார், பிறகு முறை மாறும். அசௌகரியமாக இருந்தால் உடனே தெரிவிக்க வேண்டும், வேறு கடமை கிடையாது.

துணையை மகிழ்விப்பதற்காகத் தொடாதே, உன் விரலுக்கு என்ன தெரிகிறது என்பதற்காகத் தொடு என்பதுதான் இதில் விசித்திரமான விதி. பின்னால் வந்த நிறையப் பேர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு 'துணையை மகிழ்விக்கும் பயிற்சி' ஆக்கிவிட்டார்கள். மாஸ்டர்ஸ், ஜான்சனோடு வேலை செய்த லிண்டா வைனரும் கான்ஸ்டன்ஸ் ஏவரி கிளார்க்கும் இதைத் திருத்தவே எழுத வேண்டியிருந்தது. நமக்கும் தலைகீழாகத்தான் தோன்றும். சுயநலமாகத் தொடச் சொல்கிறார்களே? ஆனால் யோசித்துப் பார்த்தால், 'உனக்காகத்தான் செய்கிறேன்' என்று ஒருவர் சொல்லும்போது 'வேண்டாம்' என்று சொல்வது எவ்வளவு கஷ்டம். நன்றி கெட்டத்தனமாகிவிடும். 'எனக்காகத் தொடுகிறேன், உனக்குச் சரியா?' என்றால் மறுப்பதற்கு ஓர் இடம் கிடைக்கிறது.

இந்தப் பயிற்சியைப் படிக்கும்போது விர்ஜீனியா ஜான்சனை நினைக்காமல் இருக்க முடியாது. ஆய்வின் ஒரு பகுதி என்ற பெயரில் மாஸ்டர்ஸ் அவரோடு உறவு வைத்துக்கொண்டார். 1971-ல் கல்யாணமும் செய்துகொண்டார்கள். பல வருடம் கழித்து, வாழ்க்கை வரலாறு எழுதிய தாமஸ் மேயரிடம் ஜான்சன் மனம்விட்டுப் பேசினார்: மாஸ்டர்ஸை அவர் விரும்பவில்லை, வேலை வேண்டியிருந்தது. மேயரின் 'மாஸ்டர்ஸ் ஆஃப் செக்ஸ்' 2009-ல் வந்தது. உலகத்துக்கே 'அசௌகரியமாக இருந்தால் சொல்லு' என்று சொல்லிக்கொடுத்த பெண், தன் முதலாளியிடம் அதைச் சொல்லவில்லை. ஒரு சம்பளக்காரனாக எனக்கு இது ஆச்சரியமாகவே இல்லை.

*

அறுபதுகளின் கடைசியும் எழுபதுகளும் இன்னும் மோசம். விடுதலை பேசிய காலம், மூடிய அறைகளில் பல மருத்துவர்கள் தங்களை விடுதலை செய்துகொண்டார்கள். 1966-ல் ஜேம்ஸ் மெக்கார்ட்னி என்ற அமெரிக்க மனநல மருத்துவர், நோயாளிகளோடு பாலியல் தொடர்பு சிகிச்சையின் பகுதியாக இருக்கலாம் என்று ஆய்விதழிலேயே வாதிட்டு எழுதினார். 1970 புத்தகத்தில் மாஸ்டர்ஸும் ஜான்சனும், தங்களிடம் வந்தவர்களில் கணிசமானோர் முந்தைய சிகிச்சையாளர் தங்களோடு உறவுகொண்டதாகச் சொன்னார்கள் என்று பதிவுசெய்திருக்கிறார்கள்.

நியூயார்க்கில் ஜூலி ராய் என்ற பெண் தன் மனநல மருத்துவர் ரெனேடஸ் ஹார்டாக்ஸ் மேல் வழக்குப் போட்டார். ஹார்டாக்ஸ் சாதாரண ஆள் இல்லை. காஸ்மோபாலிட்டன் இதழில் ஆலோசனைப் பத்தி எழுதியவர். 1953-ல் பதின்மூன்று வயதுப் பையன் லீ ஹார்வி ஆஸ்வால்டைப் பரிசோதித்தவரும் அவரே. பத்து வருடம் கழித்து கென்னடியைச் சுட்டதாகச் சொல்லப்பட்ட அதே ஆஸ்வால்ட். சிகிச்சை என்று சொல்லித் தன்னோடு மாதக்கணக்கில் உறவுகொண்டார் என்பது ராயின் புகார். ஹார்டாக்ஸ் மறுத்தார். 1975-ல் நடுவர்குழு ராய் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த வருடம் மேல்முறையீட்டில் நஷ்டஈட்டை 25,000 டாலராகக் குறைத்தார்கள், ஆனால் பொறுப்பிலிருந்து மருத்துவரை விடவில்லை. காதல், மயக்கி ஏமாற்றுதல் போன்றவற்றுக்கு வழக்குப் போடும் உரிமையை நியூயார்க் சட்டம் முன்பே ஒழித்துவிட்டது, இதுவும் அந்த ரகம்தான் என்று எதிர்த்தரப்பு வாதாடியது. இது காதல் விவகாரம் இல்லை, நம்பி வந்தவர்மேல் இருந்த அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியது என்று நீதிமன்றம் பிரித்துப் பார்த்தது. சிகிச்சை என்ற பெயரில் வாங்கிய சம்மதம் சம்மதமாகாது.

1977-ல் அமெரிக்க உளவியல் சங்கம் சிகிச்சை பெறுபவரோடு பாலியல் நெருக்கம் நெறிமீறல் என்று வெளிப்படையாக எழுதிவைத்தது. 1980-களில் விஸ்கான்சின், மினசோட்டா போன்ற மாநிலங்கள் அதைக் குற்றமாகவே ஆக்கின. இந்த நெறியில் சம்மதம் கணக்கிலேயே வராது. நோயாளி சம்மதித்தாலும் தப்பு தப்புதான். நல்ல விதி. ஆனால் விதி, சிகிச்சையாளரின் கையைக் கட்டியதே தவிர அவருக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. நிறைய இடங்களில் இதன் பிறகு உடம்பைப் பற்றியே பேசாமல் விட்டுவிட்டார்கள். தொடாதே, தொடுவதைப் பற்றிப் பேசாதே, வம்பே வேண்டாம்.

*

உடம்பு திரும்ப வந்தது வேறு வழியில். இதற்கு ஒரு கோழியிலிருந்து தொடங்க வேண்டும்.

1646-ல் அதானாசியஸ் கிர்ஷர் என்ற பாதிரியார் ஒரு சோதனையை எழுதிவைத்தார். கோழியின் காலைக் கட்டித் தரையில் படுக்கவைத்து, அலகுக்கு முன்னால் சாக்கட்டியால் ஒரு கோடு போட வேண்டும். கட்டை அவிழ்த்தாலும் கோழி அசையாமல் கிடக்கும். கோட்டைக் கயிறு என்று கோழி கற்பனை செய்துகொள்கிறது என்பது கிர்ஷரின் விளக்கம். கோட்டுக்கு ஒரு வேலையும் இல்லை. தப்பிக்க வழியில்லாமல் பிடிக்கப்பட்ட விலங்கு கடைசியில் உறைந்துபோகும். அதுதான் விஷயம். நினைவு இருக்கும், கண் திறந்திருக்கும், கை கால் அசையாது, குரல் வராது. ஆராய்ச்சிக்காரர்கள் இதை 'டானிக் இம்மொபிலிட்டி' என்கிறார்கள். நாம் உறைநிலை என்று வைத்துக்கொள்வோம்.

1974-ல் பாஸ்டனில் மனநலச் செவிலியர் ஆன் பர்ஜஸும் சமூகவியலாளர் லிண்டா ஹோம்ஸ்ட்ராமும், மருத்துவமனைக்கு வந்த 92 பெண்களோடு பேசி, பாலியல் வன்முறைக்குப் பிந்தைய நிலையை முதன்முதலாக ஒரு மருத்துவப் படமாக வரைந்தார்கள். 1979-ல் சூசன் சுவாரெஸ், கார்டன் கேலப் இருவரும் ஒரு சின்னக் கட்டுரையில் கோழியையும் இந்தப் பெண்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். (குரங்குகளுக்குக் கண்ணாடி காட்டிய அதே கேலப்தான்.) வன்புணர்வின்போது பல பெண்கள் 'என்னால் அசைய முடியல, கத்த முடியல' என்று சொல்வது கோழைத்தனமோ சம்மதமோ இல்லை, அது இந்த உறைநிலையாக இருக்கலாம் என்றார்கள். ஃபெரன்ஸி 1932-ல் அறைக்குள் கண்டதற்கு இப்போது விலங்கியலில் ஒரு சொந்தம் கிடைத்தது.

அதே 1979-ல் இந்தியாவில் நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார். மகாராஷ்டிராவில் ஒரு காவல் நிலையத்துக்குள் 1972-ல் மதுரா என்ற ஆதிவாசிச் சிறுமி பலாத்காரம் செய்யப்பட்ட வழக்கு. உடம்பில் காயம் இல்லை, கூச்சல் போடவில்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் இரண்டு காவலர்களையும் விடுவித்தது. அடங்கிப்போவதும் சம்மதிப்பதும் ஒன்றா என்பதே மடலின் கேள்வி. 1983-ல் இந்தியா சட்டத்தைத் திருத்தியது. நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. மலேசியா, சிங்கப்பூர் இரண்டின் தண்டனைச் சட்டமும் 1860-ன் இந்தியச் சட்டத்தைப் பார்த்து 1872-ல் நீரிணைக் குடியேற்றங்களுக்குக் கொண்டுவரப்பட்டதன் வாரிசுகள். அதன் 90-ஆம் பிரிவு, காயம் வரும் என்ற பயத்தில் கொடுத்த சம்மதம் சம்மதம் இல்லை என்கிறது. கூடவே ஒரு நிபந்தனையும் வைக்கிறது: அது பயத்தில் வந்த சம்மதம் என்று செய்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது அப்படி நம்பக் காரணம் இருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே உறைந்துபோன ஒருவரின் முன்னால் இந்த 'தெரிந்திருக்க வேண்டும்' எவ்வளவு தூரம் நிற்கும்?

ஸ்டாக்ஹோம் ஆய்வு 2017-ல் வந்தது. வன்புணர்வுக்கு ஆளாகி ஒரு மாதத்துக்குள் சிறப்பு அவசர மருத்துவ நிலையத்துக்கு வந்த 298 பெண்களிடம் அன்னா மொல்லரின் குழு கேட்டது. 70 விழுக்காட்டினர் குறிப்பிடத்தக்க அளவில் உறைந்துபோயிருந்தார்கள், 48 விழுக்காட்டினர் மிகக் கடுமையாக. உறைந்தவர்களுக்கே பின்னால் மன அழுத்தமும் அதிர்ச்சிக் கோளாறும் அதிகம் வந்தன. 'நான் ஏன் ஒண்ணும் செய்யல?' என்ற கேள்வியோடு வாழ்கிறவர்கள் இவர்கள். அடுத்த வருடம் ஜூலையிலிருந்து சுவீடன் சட்டம் 'விருப்பத்தோடு பங்கெடுத்தாரா' என்று கேட்கத் தொடங்கியது. எதிர்க்கவில்லை என்பது மட்டும் இனி பதில் இல்லை.

நான் தொழிற்சாலை இயந்திரங்களோடு வேலை செய்பவன். அங்கே ஒரு பால பாடம் உண்டு. பாதுகாப்புக் கம்பி அறுந்து சிக்னல் வராமல் போனால், இயந்திரம் நிற்க வேண்டும், ஓடக்கூடாது. சில அச்சு இயந்திரங்களில் இரண்டு கையாலும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் ஓடும். ஒரு கையை எடுத்தாலும் நின்றுவிடும். சிக்னல் இல்லை என்றால் 'சரி' என்று எடுத்துக்கொள்ளும் இயந்திரத்தை எந்த இன்ஸ்பெக்டரும் பாஸ் பண்ண மாட்டார். மனித உடம்பு விஷயத்தில் நீதிமன்றங்களும் படுக்கையறைகளும் சிகிச்சை அறைகளும் நூற்றாண்டுக்கணக்கில் அப்படித்தான் ஓடியிருக்கின்றன. அதுவும் ஆபத்தில் குரலே முதலில் செயலிழக்கும் ஓர் உடம்பை வைத்துக்கொண்டு.

*

இதையெல்லாம் கேட்ட பிறகு சிகிச்சையாளருக்கு என்னதான் சொல்லிக்கொடுப்பது? பீட்டர் லெவின் 1997-ல் வெளியிட்ட புத்தகத்தில், உறைந்த விலங்கு எப்படி உதறி எழுகிறது என்பதிலிருந்து ஒரு சிகிச்சையை உருவாக்கினார். பேட் ஆக்டன், 2006-ல் வந்த 'டிராமா அண்ட் தி பாடி' நூலில், முடிக்க முடியாமல்போன தற்காப்பு அசைவை மெதுவாக முடிக்க வைப்பதை விளக்கினார். கையை உயர்த்தி 'நில்' என்று காட்டுவது, தலையணையைத் தள்ளுவது. கதையைச் சொல்லச் சொல்வதற்கு முன், 'வேண்டாம்' என்ற சொல் உடம்பில் எப்படி இருக்கும் என்று தேடுகிறார்கள். மாசசூசெட்ஸில் டேவிட் எமர்ஸன் இதே எண்ணத்தோடு யோகா வகுப்பையே மாற்றினார். ஆசிரியர் மாணவரைத் தொட்டுத் திருத்தக் கூடாது. 'கையைத் தூக்கு' கிடையாது, 'விருப்பமிருந்தால் தூக்கிப் பார்க்கலாம்'. நம் ஊர் யோகா வகுப்புகளில் முதுகில் முட்டியை வைத்து அழுத்தும் மாஸ்டர்களை இந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் என் அக்காவின் வகுப்பில் அதிகம் பேசப்பட்டவர் பெட்டி மார்ட்டின். கைரோபிராக்டராக நீண்ட காலம் முதுகெலும்புகளோடு வேலை செய்தவர். ஹாரி ஃபாடிஸ் என்பவர் உருவாக்கிய 'மூன்று நிமிட விளையாட்டு' ஒன்றை எடுத்து வளர்த்தார். ஒருவர் மற்றவரிடம் இரண்டே கேள்வி கேட்பார்: நான் உன்னை எப்படித் தொட வேண்டும்? நீ என்னை எப்படித் தொட ஆசைப்படுகிறாய்? ஆயிரக்கணக்கான தடவை இதைச் செய்ய வைத்துப் பார்த்தபோது, நாம் ஒன்று என்று நினைத்த இரண்டு விஷயங்கள் வேறு வேறு என்று அவருக்குப் பிடிபட்டது. செய்வது யார் என்பது ஒன்று. அது யாருக்காக என்பது இன்னொன்று. இரண்டையும் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டால் நான்கு கட்டம் வரும். நான் செய்கிறேன், உனக்காக. நான் செய்கிறேன், எனக்காக. நீ செய்கிறாய், எனக்காக. நீ செய்கிறாய், உனக்காக, நான் அனுமதிக்கிறேன். இதைத்தான் அவர் 'சம்மதச் சக்கரம்' என்றார். 2021-ல் ராபின் டால்ஸனோடு சேர்ந்து புத்தகமாக்கினார்.

இன்ஜினியருக்கு நான்கு கட்டத்தைக் காட்டினால் சந்தோஷம் வந்துவிடும், எனக்கும் வந்தது. ஆனால் இதன் கூர்மை சிகிச்சையாளர்களுக்கான பயிற்சியில்தான் இருக்கிறது. நோயாளிக்குச் சேவை செய்கிற கட்டத்தில் நிற்பதாக அவர்கள் நம்புகிறார்கள். பல நேரம் நிற்பது 'எனக்காக எடுத்துக்கொள்கிறேன்' கட்டத்தில். குணப்படுத்தினேன் என்ற திருப்தி, தேவைப்படுகிறேன் என்ற இதம், நல்லவன் என்ற பெயர். சம்மதம் இல்லாமல் அந்தக் கட்டத்தில் நின்றால் அது திருட்டு. எதிரே இருப்பவர் அனுமதிப்பதாகத் தோன்றும், ஆனால் சகித்துக்கொண்டிருப்பார். பாப்பா ஃபெரன்ஸியின் முத்தத்தையும் ஹார்டாக்ஸின் 'சிகிச்சை'யையும் இந்தக் கட்டங்களில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல, ஒன்று தடுமாற்றம், மற்றது சூறையாடல். ஆனால் இரண்டிலும் கேட்கப்படாத கேள்வி ஒன்றே.

பயிற்சி சிரிப்பு வரும் அளவுக்கு எளிமையாகத் தொடங்குகிறது. ஒரு கரண்டியோ கல்லோ கொடுத்து, ஒரு வேலையும் செய்யாமல், கைக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் தொட்டுப் பார்க்கச் சொல்வார்கள். அக்காவின் வகுப்பில் மசாஜ் தொழிலில் இருபது வருடம் இருந்த ஒருவருக்குக் கண் கலங்கிவிட்டதாம். இத்தனை வருடமும் கை மற்றவர்களுக்காக மட்டுமே இயங்கியிருக்கிறது. தன் கைக்கு வருவது என்னவென்று தெரியாத ஒருவர், எதிரே இருப்பவரிடமிருந்து தான் எதை எடுக்கிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வார்?

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இந்தத் துறையில் 'உடம்பு பொய் சொல்லாது' என்று அடிக்கடி சொல்கிறார்கள். ஆபத்தான வாக்கியம். வற்புறுத்தப்பட்ட உறவிலும் உடம்பு கிளர்ச்சி அடையலாம், உச்சம்கூட வரலாம். அது சம்மதத்துக்கு ஆதாரம் இல்லை என்று ராய் லெவினும் வில்லி வான் பெர்லோவும் 2004-ல் ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார்கள். அதாவது, வாய் 'சரி' என்று பொய் சொல்லலாம், உடம்பும் 'சரி' என்று பொய் சொல்லலாம். அடுத்தவர் உடம்பை நான் வாசித்துவிட்டேன் என்று கிளம்புகிற சிகிச்சையாளர், பழைய ரைக்கின் இடத்துக்கே திரும்பிப் போகிறார். என் தோள் ஏறியதை அக்கா பார்த்தார், சரி. அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் முடிவு செய்யவில்லை, கேட்டார். 'எதுக்குடா சிரிச்ச?'

அன்றைக்கு முறை மாற்றியும் செய்தோம். இந்தத் தடவை நான் நடந்தேன். அக்கா மூன்றாவது அடியிலேயே "நில்லு" என்றார், சாதாரணமாக, கதவைச் சாத்து என்கிற மாதிரி. கேட்டது. ஆனாலும் என் கால் இன்னும் அரை அடி போய்த்தான் நின்றது.

"பாத்தியா?" என்றார்.

பின்னால் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டு மறுபடி நடந்தேன்.